வாத்தியக்காரருக்குப் படியளந்தவர்கள்

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அடுத்த சில நாட்களுக்கு எங்கள் ஊரான அம்மையார்குப்பத்துத் தறிக்கூடங்களில் அதே பேச்சுதான். ஆளுக்கொரு செல்பேசியில் அந்த மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு உடுப்பில் வரிசை வரிசையாக வயலின்காரர்கள், பின்னால் குழல்கள், அதற்கும் பின்னால் பெரிய முரசு. எல்லோரும் ராஜாவைப் பற்றியே பேச, எனக்கு மாமா முறையாகும் பெரியவர் ஒருவர் மட்டும் தறியை நிறுத்திவிட்டு வேறொன்று கேட்டார்: "ஏம் மாப்ள, இத்தினி பேரு ஒக்காந்து வாசிக்கிறாங்களே, அவங்களுக்கெல்லாம் மாசச் சம்பளமா, இல்ல நம்பள மாதிரி கூலியா?"

சிம்பொனியைப் பற்றி அன்று நான் கேட்டவற்றில் கெட்டிக்காரத்தனமான கேள்வி அதுதான். பதிலும் அவர் எதிர்பார்த்தது இல்லை. கூலிதான். அன்று வாசித்த ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் இருப்பவர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். கச்சேரி நடந்தால், ஒத்திகை நடந்தால், பதிவு நடந்தால் அந்தந்த வேளைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். 1946-இல் அந்தக் குழுவைத் தொடங்கிய தாமஸ் பீச்சமின் குடும்பப் பணம் மலச்சிக்கல் மாத்திரை விற்றுச் சேர்ந்தது. தாத்தா மாத்திரை உருட்டினார். பேரன் ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். மாமாவுக்கு இந்த இரண்டாவது தகவல்தான் ரொம்பப் பிடித்தது.

தறிக்காரருக்குச் சம்பளத்துக்கும் கூலிக்கும் உள்ள தூரம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாஸ்டர் பாவு கொடுத்தால் வேலை. சேலை அறுத்துக் கொடுத்தால் கூலி. மழை பிடித்துக்கொண்டு பாவு தோய முடியாத நாள், நூல் விலை ஏறி மாஸ்டர் கையைப் பிசையும் நாள், கரண்ட் இல்லாத நாள், இவற்றுக்கு யாரும் காசு தருவதில்லை. வாத்தியக்காரருக்கும் இதே கணக்குதான், இன்னும் கொஞ்சம் கடுமையாக. அவர் மேடையில் வாசிப்பது இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்காக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தேய்த்த மணிக்கணக்கு எந்த ரசீதிலும் ஏறாது. அதிலும் எண்பது பேர் ஒன்றாக மூச்சு விடப் பழகவேண்டும் என்றால், அந்த எண்பது பேரும் வேறு வேலைக்கு ஓடாமல் ஓரிடத்தில் இருக்கவேண்டும். கச்சேரி இல்லாத நாளுக்கு ஒருவர் காசு தர ஒப்புக்கொண்ட அன்றுதான் ஆர்கெஸ்ட்ரா பிறக்கிறது என்பது என் கட்சி. வயலின் எப்போது வந்தது, யார் எந்த சிம்பொனி எழுதினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கதைகள்.

அப்படி ஒப்புக்கொண்டவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர், ரொம்பப் பழையவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் ராஜராஜன் செய்த ஏற்பாடு இருக்கிறது. 1014-ஐ ஒட்டிய காலம். பல ஊர்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, வரவழைத்துக் கோயிலைச் சுற்றித் தெருக்களில் குடிவைத்தான். ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு பங்கு. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை அளக்கும் மரக்காலுக்கே 'ஆடவல்லான்' என்று பெயர். ஆட்டுவிக்கும் நட்டுவர், பாடுவோர், வங்கியம், உடுக்கை, வீணை, சங்கு வாசிப்போர் என்று பட்டியல் நீள்கிறது. தையல்காரரும் தச்சரும் கணக்கரும்கூட அதே பட்டியலில் பங்கு வாங்குகிறார்கள். இன்றைய பெரிய ஆர்கெஸ்ட்ராவின் சம்பளப் பதிவேட்டைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும். வாசிப்பவர் பெயருக்குக் கீழே நூலகர், மேடை ஆள், கணக்கர்.

இன்னொரு கல்வெட்டில் திருப்பதியம் பாட 48 பிடாரர், கூட உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல், ராஜாவின் பண்டாரத்திலிருந்து. பாட்டுக்கு இவ்வளவு என்று எழுதவில்லை, நாளுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறது. யாராவது செத்துப்போனாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த இடத்தில் பாடி நெல்லைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளை வைக்கவேண்டும். பரம்பரை உரிமையும் உண்டு, தகுதித் தேர்வும் உண்டு. இன்றைக்கு ஒரு பணியிடத்துக்கு விதிமுறை எழுதும் அதிகாரி இதைவிடத் தெளிவாக எழுதிவிடுவாரா என்பது சந்தேகம்.

இது சிம்பொனி இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் 50 பேர் கொண்ட நிரந்தர இசைக்குழுவுக்கு அன்றாடப்படி, வாரிசு விதி எல்லாம் கல்லில் வெட்டப்பட்டது இங்கேதான். அந்த ஏற்பாட்டின் வால் நம் காலம் வரை நீண்டது. மேளக்காரருக்குக் கோயில் மானிய நிலம் இருந்த ஊர்கள் எத்தனையோ. நாடு விடுதலையான பின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன, நிலம் பல கை மாறியது, நாகஸ்வரக்காரர் முகூர்த்த நாளை நம்பிக் கூலிக்காரர் ஆனார். அறநிலையத்துறை இன்றும் நாதஸ்வரம், தவில், தாளம், சுருதி என்று பணியிடங்களுக்கு ஆள் எடுக்கிறது. சில ஆயிரம் வேலைகளுக்கு நடுவில் அந்த நான்கு வார்த்தைகளைப் பார்க்கும்போது ஆடவல்லான் மரக்கால் இன்னும் முழுதாகக் கவிழவில்லை என்று தோன்றும்.

ஐரோப்பாவில் கதை அரண்மனையிலும் தேவாலயத்திலும் தொடங்குகிறது. அது சலிப்பான பகுதி. ராஜா கொடுத்தார், ராஜா போனார், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது லைப்ஸிக். ஜெர்மனியில் சந்தைக்குப் பேர்போன வணிக நகரம், ராஜா உட்காராத ஊர். அங்கே தேவாலய இசைக்குப் பொறுப்பாக இருந்த பாஹ் 1730-இல் நகரசபைக்கு ஒரு மனு எழுதினார். தனக்குச் சம்பளத்தில் கொடுத்திருக்கும் வாத்தியக்காரர் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஒருவர் வேலை பழகும் பையன். சிலரின் தரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை என்பது மனுவின் சாரம். டிரெஸ்டனைப் பாருங்கள், அங்கே ராஜா நல்ல சம்பளம் தருகிறார், அவர்களுக்கு வயிற்றுக் கவலை இல்லை, அதனால் ஒவ்வொருவரும் ஒரே வாத்தியத்தில் தேர்ந்தவராகிறார். இங்கே ஒரே ஆள் பல வாத்தியம் தூக்கிக்கொண்டு சோற்றுக்கு அலைகிறார் என்றும் எழுதினார். உலகமே கும்பிடும் அந்த மேதை எழுதியவற்றில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது இந்தச் சம்பள மனுவைத்தான். நகரசபை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

செய்தவர்கள் வேறு ஆட்கள். 1743-இல் லைப்ஸிக்கில் 16 பேர், வணிகர்களும் பிரபுக்களுமாகச் சேர்ந்து, 16 வாத்தியக்காரர்களுக்குப் படியளப்பது என்று முடிவு செய்தார்கள். முதலில் வீடுகளில் வாசித்தார்கள், பிறகு ஒரு சத்திரத்தில். பாஹ் அப்போது உயிரோடு அதே ஊரில் இருந்தார். 1781-இல் அந்தக் குழுவுக்கு நிரந்தர இடம் கிடைத்தது: ஊர்த் துணி வியாபாரிகளின் ஜவுளிக் கட்டடத்து மேல்தளம். கீழே துணி மூட்டை, மேலே மரப்பலகை வேய்ந்த சின்ன அரங்கம். அந்தக் கட்டடத்தின் பெயரே குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது. கெவான்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ரா என்று இன்றும் அதற்குப் பெயர். நகரத்து மக்கள் தங்கள் காசில் வளர்த்த சிம்பொனி ஆர்கெஸ்ட்ராக்களில் மூத்தது அது. ஜவுளிக் கட்டடத்தில் பிறந்தது என்பதால் நெசவு ஊர்க்காரனான எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் கூடுதல், ஒளிப்பானேன்.

1835-இல் மெண்டல்ஸோன் அதன் தலைவராக வந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆனாலும் வாத்தியக்காரர் சம்பளத்தை உயர்த்தச் சொல்லி நகரசபைக்கு ஓயாமல் எழுதினார். 1843-இல் ஒரு இசைக் கல்லூரியும் தொடங்கினார். ஆர்கெஸ்ட்ராக்காரர்களே ஆசிரியர்கள், அவர்கள் வளர்க்கும் பிள்ளைகளே அடுத்த ஆர்கெஸ்ட்ரா. நகரமும் மெல்லச் சம்பளப் பொறுப்பை ஏற்றது. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரே குழு மூன்று இடத்தில் வாசிக்கும். அரங்கில் சிம்பொனி, நாடகக் கொட்டகையில் ஓபரா, தாமஸ் தேவாலயத்தில் பாஹ். மூன்று வாசலிலும் வேலை இருப்பதால் வெறும் நாள் என்பது குறைவு. இன்று அங்கே 180-க்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள். ஜெர்மனி முழுக்க இப்படிப் பொதுப்பணத்தில் நடக்கும் ஆர்கெஸ்ட்ராக்கள் 120-க்கும் மேல். அங்கே இது குடிநீர் வாரியம் மாதிரி ஒரு நகரப் பணி.

லண்டன் எதிர்த்துருவம். அங்கே வாத்தியக்காரன் பெரும்பாலும் வேளைக் கூலிக்காரன். ஒத்திகைக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொள்வான்; அதைவிட நல்ல கூலி வேறிடத்தில் கிடைத்தால் தன் இடத்தில் இன்னொருவனை அனுப்பிவிடுவான். நம் பக்கம் வைகாசி முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் ஒப்புக்கொண்டு ஒன்றுக்குச் சிஷ்யனை அனுப்புவதுபோல. குயின்ஸ் ஹாலில் ஹென்றி உட் 1904-இல் இந்த ஆள்மாற்றுக்குத் தடை போட்டார். சம்பளம் அதற்கு ஈடாக இல்லை என்று 40-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறி, தாங்களே முதலாளிகளாக லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். லாபம் வந்தால் பங்கு. நம் வடாற்காடு, சித்தூர் எல்லையில் பாரதக்கூத்து ஆடும் ஜமாக்களும் வசூலைப் பங்கு போட்டுத்தான் பிரிக்கின்றன. முகவீணைக்காரருக்கு இவ்வளவு, மத்தளத்துக்கு இவ்வளவு, வேஷக்காரருக்கு இவ்வளவு. கூத்து ஜமாவின் கணக்கு தெரிந்தவனுக்கு லண்டன் சிம்பொனியின் கணக்கு புரிய ஐந்து நிமிடம் போதும். லண்டனில் முழுச் சம்பளத்துக்கு வாசிப்பது 1930-இல் வானொலிக்காகத் தொடங்கிய பி.பி.சி. சிம்பொனி போன்ற சிலதான். மற்றவை அரசு மானியம் கொஞ்சம், டிக்கெட் கொஞ்சம், சினிமாப் பதிவு கொஞ்சம் என்று ஓடுகின்றன. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் இசை லண்டன் சிம்பொனியின் கூலி வேலைதான்.

இனி சென்னைக்கு வரலாம். தென்னிந்தியாவின் மிகப் பெரிய ஆர்கெஸ்ட்ரா அங்கேதான் இருந்தது. அதற்குப் பெயர் மட்டும் இல்லை.

முதலில் அதுவும் சம்பளத்தில்தான் பிறந்தது. 1930-களிலும் 40-களிலும் ஸ்டுடியோக்களும் இசைத்தட்டுக் கம்பெனிகளும் வாத்தியக்காரர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு முன்பே சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். அவர் எடுத்த 'ஸ்ரீவள்ளி' (1945) படத்துக்கு இசை ஆர். சுதர்சனம், ஏ.வி.எம்.மின் நிரந்தர ஆள். எங்கள் தணிகை மலைக்காரன் கல்யாணக் கதைக்கு வாசித்தவர்கள் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கினார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. எம்.எஸ். விஸ்வநாதனும் ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர்தான்.

ஸ்டுடியோ முதலாளிகள் படமெடுப்பதைக் குறைத்து, தனித் தயாரிப்பாளர்கள் பெருகியபோது அந்த ஏற்பாடு உடைந்தது. ஒரு படம் எடுக்கிறவர் எதற்கு வருஷம் முழுக்க முப்பது பேருக்குச் சோறு போடுவார்? வாத்தியக்காரர்கள் வெளியே வந்தார்கள். கால்ஷீட் முறை வந்தது: அரை நாளுக்கு இவ்வளவு, நீண்டால் கூடுதல். இதில் சுதந்திரம் இருந்தது என்பதை மறுக்கமுடியாது. ஒரே ஆள் காலையில் ஒரு இசையமைப்பாளரிடம், மதியம் இன்னொருவரிடம் வாசிப்பார். 'புதிய பறவை' (1964) மாதிரிப் படத்துக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உட்காரவைத்தார்கள் என்று சொல்வார்கள். அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்கவேண்டும். கடைசி வரிசையில் ஒருவர் தும்மினால் மொத்தப் பாட்டும் முதலிலிருந்து.

ஆனால் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. கூலி இவ்வளவு என்று நிர்ணயம் இல்லை. நோயில் படுத்தால் கேட்பாரில்லை. இந்த இடத்தில்தான் எம்.பி. சீனிவாசன் வருகிறார். பிறந்தது 1925-இல், சித்தூரில். அன்று திருத்தணியும் எங்கள் ஊரும் அந்தச் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தன; 1960 ஏப்ரலில்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். அதனால் எம்.பி.எஸ்ஸை எங்கள் மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாட எனக்குத் தயக்கமில்லை. கம்யூனிஸ்ட். தில்லியில் கட்சித் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக இருந்தவர். கூட்டுறவு முறையில் பலர் பணம் போட்டு எடுத்த 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசை அவருடையது. தமிழ்ப்படங்களில் அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை, மலையாளம் அவரைக் கொண்டாடியது.

அவர் செய்த பெரிய காரியம் ஒரு பாட்டு அல்ல. சினிமா வாத்தியக்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கம் கட்டினார், சினி மியூசிஷியன்ஸ் யூனியன். இசையமைப்பாளராக இருந்துகொண்டு, தனக்கு வாசிக்கிறவர்கள் தன்னிடமே அதிகம் கேட்கும்படி சங்கம் அமைத்த மனிதர். ஒரு மாஸ்டர் தன் தறிக்காரர்களுக்குச் சங்கம் வைத்துக் கொடுத்த கதை எங்கள் பக்கத்தில் நான் கேட்டதில்லை. உறுப்பினர் அட்டை, தரவாரியாகக் கூலி, நேரக் கணக்கு என்று கூலிக்கு ஒரு முதுகெலும்பு வந்தது. 1971-இல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கியதும் அவர்தான். பலர் சேர்ந்து பாடுவதில் அவருக்கிருந்த பைத்தியமும் சங்கம் கட்டியதும் ஒரே குணத்தின் இரண்டு வேலைகள் என்று நினைக்கிறேன். 1988 மார்ச் 9-இல் லட்சத்தீவில் காலமானார், சேர்ந்து பாடச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்.

ஆனால் சங்கத்தாலும் ஒன்றை வாங்கித்தர முடியவில்லை. வேலை நாளின் கூலியை நிர்ணயிக்கலாம். வேலையில்லாத நாளுக்குக் கேட்க யாரிடம் போவது? முதலாளி என்று ஒருவர் இல்லை. தயாரிப்பாளர் படத்துக்குப் படம் மாறுகிறார்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு சில ஆண்டுகள் அந்தக் கவலை மறந்துபோனது. மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முழு நோட்டும் எழுதிக் கொண்டுவந்தார். உட்கார்ந்ததும் நோட்டைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவனுக்கு மவுசு. டிரினிட்டி தேர்வு எழுதியவன், தேவாலயத்தில் வயலின் பழகியவன், போலீஸ் பேண்டில் ட்ரம்பெட் ஊதியவன் எல்லோருக்கும் கோடம்பாக்கத்தில் இடம் கிடைத்தது. வி.எஸ். நரசிம்மன் மாதிரி வயலின் மேதைகள் அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்தவர்கள். வாரம் முழுக்கக் கால்ஷீட் இருந்தால் கூலியும் சம்பளம்போலத்தான் தெரியும். வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். உலகத்தின் எந்த ஆர்கெஸ்ட்ராக்காரரும் இவ்வளவு புது இசையை இவ்வளவு வேகத்தில் வாசித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பிறகு விசைத்தறி வந்தது.

எங்கள் ஊரில் அது நிஜமாகவே வந்தது. கைத்தறியில் ஒரு ஆளுக்கு ஒரு தறி. கால் மிதித்து, கை நாடா தள்ளவேண்டும். விசைத்தறியில் ஒரு ஆள் பல தறியை நடந்து பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஆள் நெய்யும் துணி பெருகியது, மீட்டருக்கான கூலிச் செலவு இறங்கியது. பௌமால், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியல்காரர்கள் 1966-இல் ஒரு புத்தகம் எழுதி, இந்த வித்தை இசையில் நடக்காது என்று காட்டினார்கள். நாலு பேர் வாசிக்கும் ஒரு பீத்தோவன் உருப்படிக்கு அன்றும் நாலு பேர் வேண்டும், இன்றும் நாலு பேர் வேண்டும். வேகமாக வாசித்து நேரத்தை மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் மற்ற தொழில்களில் கூலி ஏற ஏற, இவர்களுக்கும் ஏற்றித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் வயலினை வைத்துவிட்டு வங்கி வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஆர்கெஸ்ட்ராவின் செலவு ஏறிக்கொண்டே போகும், வரவு பின்னாலேயே நொண்டும். அதே 1966-இல் ஃபோர்டு அறக்கட்டளை அமெரிக்காவின் 61 ஆர்கெஸ்ட்ராக்களுக்குச் சுமார் 8 கோடி டாலர் கொடுத்தது. அதுவும் போதவில்லை. பெரும் புகழ் வாய்ந்த ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ரா 2011-இல் திவால் மனு போட்டது. பின்பு மீண்டது, அது வேறு.

புத்தகம் சரிதான், அரங்கத்தைப் பொறுத்தவரை. கோடம்பாக்கத்தில் கேட்பவர் வாசிப்பவரைப் பார்ப்பதில்லை. அதனால் இங்கே இசைக்கும் விசைத்தறி வர முடிந்தது. முதலில் பல தடப் பதிவு: ஆறு வயலினை நான்கு முறை வாசிக்கவைத்து அடுக்கினால் இருபத்துநாலாகக் கேட்கும். அடுத்து சிந்தசைசர், 'புன்னகை மன்னன்' (1986) காலத்திலேயே கம்ப்யூட்டர். 1992-இல் 'ரோஜா'. தன் வீட்டோடு இருந்த ஸ்டுடியோவில் ஏ.ஆர். ரஹ்மான் செய்த புது ஒலி நாட்டையே ஆட்டியது, நானும் ஆடியவன்தான். ஆனால் ஐம்பது பேரை ஒரே கூடத்தில் உட்காரவைக்கும் தேவை அங்கிருந்து சுருங்கத் தொடங்கியது. கால்ஷீட்டை நம்பியிருந்த வயலின்காரருக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. யாரும் அவரை வேலையை விட்டு நீக்கவும் இல்லை. தொலைபேசி வருவது குறைந்தது, அவ்வளவுதான். மேடைக் கச்சேரிக்குப் போனார்கள், வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தார்கள். ரஹ்மானே 2008-இல் கே.எம். இசைக் கல்லூரி தொடங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக வயலினும் செல்லோவும் கற்றுத்தர சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவை வளர்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மெண்டல்ஸோன் செய்ததில் பாதி அது: கல்லூரி. மறுபாதி, படித்து முடித்தவனுக்கு உட்கார நாற்காலி, நகரசபை தரவேண்டியது.

நாற்காலியின் விலை என்ன என்பதற்கு நியூயார்க்கைப் பாருங்கள். அந்த ஃபில்ஹார்மோனிக்கும் 1842-இல் வாத்தியக்காரர்கள் சேர்ந்து வசூலைப் பங்கு போட்ட ஜமாதான். 1964-இல்தான் ஆண்டின் 52 வாரத்துக்கும் சம்பளம் என்ற ஒப்பந்தம் வந்தது. தொழிற்சங்கம் போராடி வாங்கியது. 2024-இல் போட்ட ஒப்பந்தப்படி குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் சில ஆண்டுகளில் 2 லட்சம் டாலரைத் தாண்டும். அந்த நாற்காலி ஒன்று காலியானால் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம். திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கவேண்டும், தேர்வுக் குழுவுக்கு ஆள் ஆணா பெண்ணா, எந்த நிறம் என்று தெரியக்கூடாது. பாஸ்டன் 1952-லேயே இந்தத் திரையைக் கட்டியது. தேர்வானாலும் முதலில் தகுதிகாண் பருவம், அதைத் தாண்டினால்தான் நிலைப்பு. ஒருவர் நிலைத்துவிட்டால் முப்பது, நாற்பது ஆண்டு எழுந்திருக்கமாட்டார். ஆகவே இசைக் கல்லூரிகள் வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் ஆள் தயாரிக்க, நாற்காலி விரல்விட்டு எண்ணும் அளவுதான் காலியாகிறது. டிக்கெட் விற்ற பணம் செலவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. மிச்சம் பணக்காரர் நன்கொடையும் வங்கியில் போட்ட மூலதனத்தின் வட்டியும்.

இந்தியாவில் அந்த நாற்காலியை வாங்கிப்போட்ட ஊர் ஒன்றுதான், மும்பை. 1935-இல் மெஹ்லி மேத்தா அங்கே பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். ஆர்வலர்களும் கோவாக்காரர்களும் சேர்ந்து வாசித்த குழு, நிரந்தரச் சம்பளமில்லை, நிலைக்கவில்லை. அவரே வெளிநாடு போய் வயலின் வாசித்துப் பிழைத்தார். மகன் சுபின் மேத்தா லாஸ் ஏஞ்சல்ஸிலும் நியூயார்க்கிலும் ஆர்கெஸ்ட்ராத் தலைவரானார். 2006-இல் நாரிமன் முனையிலுள்ள தேசிய நிகழ்கலை மையத்தைச் சேர்ந்த குஷ்ரூ சன்டூக், கஜகஸ்தான் வயலின் கலைஞர் மராட் பிசன்கலியேவுடன் சேர்ந்து சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். சன்டூக் பிசன்கலியேவின் கஜக் குழுவை லண்டனில் கேட்டு மயங்கியவர். சம்பளம் தயார், அரங்கம் தயார். வாசிக்க இந்தியர்கள் போதவில்லை. கஜகஸ்தானிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் ஆள் வரவழைத்தார்கள். நிரந்தரமாக இருந்தவர்களில் இந்தியர் சிறுபான்மை. கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்குக் கிண்டல் வரவில்லை. முதலில் நாற்காலி, பிறகு ஆள் என்று தொடங்கினார்கள். 2012-இல் பிள்ளைகளுக்குப் பள்ளியும் திறந்தார்கள். சென்னையில் இதற்கு நேர்மாறு. ஆள் இருந்தார்கள், நாற்காலி இல்லை.

இன்றைக்குத் தமிழ், தெலுங்குப் படங்களில் கேட்கும் பெரிய வயலின் அலை பல நேரம் புடாபெஸ்டிலோ வடக்கு மாசிடோனியாவின் ஸ்கோப்யேயிலோ பதிவாகிறது. இளையராஜாவின் 'திருவாசகம்' (2005) புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ராவோடுதான் வந்தது. அங்கே கூலி மலிவு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏன் மலிவு என்று கேட்பதில்லை. அந்த வாத்தியக்காரர்களில் பலர் அங்குள்ள அரசு ஆர்கெஸ்ட்ராவிலோ ஓபராவிலோ சம்பளம் வாங்குகிறவர்கள். சோற்றுக்கான கணக்கு அங்கே தீர்ந்துவிடுகிறது. நமக்கு வாசிப்பது மேல்வரும்படி. ஒன்றாக உட்கார்ந்து பழகிய அந்த ஒற்றுமைக்கும் அவர்கள் ஊர் வரிப்பணமே கட்டணம் கட்டியிருக்கிறது.

மாமாவுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 80 பேர், ஆளுக்கு மாதம் 50,000 ரூபாய். மாதம் 40 லட்சம், ஆண்டுக்கு 4 கோடியே 80 லட்சம். அரங்க வாடகை, நடத்துநர், வாத்தியப் பழுது எல்லாம் தனி. அவர் சிறிது நேரம் யோசித்தார். "ஒரு படத்துல ஹீரோவுக்குத் தர்றத விடக் கம்மிதானே?" என்றார். பெரிய ஹீரோக்களை வைத்துப் பார்த்தால் ரொம்பக் கம்மி என்றேன். "அப்ப யாருனா பதினாறு பேரு சேரணும், அந்த ஜவுளிக்காரனுங்க மாதிரி," என்று சொல்லிவிட்டு, அறுந்திருந்த பாவு இழையை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்.